கத்தரி அனுப்பிய பன்னிரண்டு அட்டைகள்

அட்டையை உள்ளங்கையில் கிடத்தி, கண்ணை மூடி, கையை ஒருமுறை மேலும் கீழும் அசைத்துவிட்டு, "பத்தொன்பது கிராம் இருக்கும்க்கா" என்கிறாள். வாங்கி எடை மெஷினில் வைக்கிறேன். பத்தொன்பது. வரிசையில் பின்னால் நிற்பவர்கள் ஏதோ வித்தை நடக்கிறதென்று எட்டிப் பார்க்கிறார்கள். அவளுக்கு இது வித்தையில்லை, கவலை. இருபது கிராமைத் தாண்டினால் இன்னொரு தபால்தலை ஒட்டவேண்டும். ஒட்டினால் படத்தில் ஒரு மூலை போய்விடும்.

தபால் அலுவலகத்தில் மூன்றாம் ஜன்னல் என்னுடையது. ஒன்றரை வருடமாக ஒவ்வொரு வியாழனும் அந்த ஜன்னலில் அவள் முகம் தெரிகிறது. ஓவியக் கல்லூரியில் கடைசி ஆண்டு. கூடப் படிப்பவர்கள் வைத்த பெயர் கத்தரி. கழுத்தில் அடையாள அட்டை தொங்கவேண்டிய கயிற்றில் ஒரு சின்னக் கத்தரிக்கோல் தொங்குவதால் வந்த பெயர். அடையாள அட்டை பைக்குள் எங்கோ கிடக்கும். கல்லூரி வாசலில் தினமும் காவலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வாளாம். விரல்களில் எப்போதும் காய்ந்த பசை. பேசிக்கொண்டே அதை உரித்துக்கொண்டிருப்பாள். அவள் போன பிறகு என் ஜன்னல் பலகையில் வெங்காயச் சருகு மாதிரி நாலைந்து துணுக்குகள் கிடக்கும்.

முதல் நாள் எங்களுக்குள் சண்டை. அவள் நீட்டிய அட்டையில் முகவரி எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. பழைய பேருந்துச் சீட்டு, மருந்து உறை, தீப்பெட்டிப் படம், யாரோ ஒருவரின் பாதி மூக்கு, இவற்றுக்கு நடுவே ஊர்வலம் போவதுபோல் எழுத்துகள். ஒன்று கட்டைவிரல் அளவு, அடுத்தது எறும்பு அளவு. "இது என்னம்மா, ஆளைக் கடத்திட்டு மிரட்டுற லெட்டர் மாதிரி இருக்கு" என்றேன்.

"மெயில் ஆர்ட்க்கா. தபால்ல போறதுக்குன்னே பண்ற படம். உறை போடக் கூடாது. நீங்க குத்துற முத்திரை, வழியில படுற அழுக்கு, எல்லாம் சேந்தாத்தான் படம் முடியும்."

"அப்ப நானும் ஆர்ட்டிஸ்டா?"

"பின்ன? முத்திரைய நல்லா அழுத்திக் குத்துங்க."

பின்னறையில் தபால் பிரிக்கிறவர் அந்த அட்டையைத் தலைகீழாகத் திருப்பி, பக்கவாட்டில் திருப்பி, கடைசியில் என் முன்னால் கொண்டுவந்து போட்டார். "இதப் படிக்கிறதுக்குள்ள எனக்கு ரிடையர்மென்ட் வந்துடும்." பேச்சுவார்த்தை நடந்து ஓர் உடன்படிக்கை ஆயிற்று. ஊர் பெயரும் குறியீட்டு எண்ணும் ஒரே அளவில், கறுப்பில் இருக்கவேண்டும். மீதியில் அவள் இஷ்டம். இன்றுவரை அவள் அதை மீறவில்லை.

எழுத்து பொறுக்குவதில் அவளுக்கென்று ஒரு நியாயம் உண்டு. முழு வார்த்தையை வெட்டமாட்டாள். "முழு வார்த்தைய எடுத்தா அது இன்னொருத்தர் சொன்னது. ஒத்த எழுத்துன்னா அது யாருக்கும் சொந்தமில்லக்கா." வாரம் தவறாமல் நாட்காட்டியிலிருந்து ஒரு ஞாயிறு வருவதால் 'ஞா'வுக்குப் பஞ்சமில்லை. 'ழை' வேண்டுமென்றால் மழைக்கோட்டு விளம்பரம் வரும்வரை காத்திருப்பாள். 'ஔ' கிடைப்பதே இல்லை. "'ஒ'வையும் 'ள'வையும் சேத்து ஒட்டிக்கலாமே" என்று கேட்டேன். "அது டூப்ளிகேட்க்கா" என்று முகத்தைச் சுளித்தாள்.

ஒரு விடுமுறை நாளில் வீட்டுக்கு வரச் சொன்னாள். டயர் கடைக்கு மேலே, இரண்டாம் மாடி. படியேறும்போதே ரப்பர் வாசனை. அவளுடைய அறை என்பது கூடத்தில் ஓர் அலமாரியைக் குறுக்கே நிறுத்திப் பிரித்த இடம். அலமாரியின் முதுகு அவள் பக்கம். அதில் வரிசை வரிசையாகத் தீப்பெட்டிகளை ஒட்டி, ஒவ்வொன்றையும் ஓர் எழுத்துக்கு இழுப்பறையாக்கியிருந்தாள். தரையில் அட்டைக் கட்டு. அம்மா ஆயத்த ஆடைக் கடையில் வேலை பார்க்கிறார். புதுச் சட்டைக்குள் விறைப்புக்காக வைக்கும் அட்டைகள் அங்கே குப்பைக்குப் போகும். அவை இப்போது இங்கே வந்து உலகம் சுற்றப் போகின்றன.

அம்மா எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "எங்க வீட்ல ரெண்டு பேர் எடை போடுறாங்க. அவர் டன்ல, இவ கிராம்ல. நான் ஒருத்திதான் கிலோ கணக்குல அரிசி போட்டு ரெண்டு பேரையும் காப்பாத்துறேன்" என்று சிரித்தார்.

அவர் என்றது அப்பாவை. நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் லாரி எடை மேடையில் அவருக்கு வேலை. லாரி மேடைமேல் ஏறி நிற்கும்; அவர் கண்ணாடி அறைக்குள்ளிருந்து பொத்தானை அமுக்கி, எடைச் சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். இருபத்திரண்டு வருடம். மகள் கணக்குப் படிப்பாள் என்று நினைத்திருந்தார். அவள் ஓவியக் கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து வீட்டில் அவர் பேச்சு குறைந்துவிட்டது. பேசினால் ஒரே கேள்வி: "வெட்டறதுக்கும் ஒட்டறதுக்கும் நாலு வருஷமா? உன் தம்பி ஒண்ணாங்கிளாஸ்லயே ரெண்டையும் முடிச்சுட்டான்." இதைச் சொல்லிக்காட்டும்போது அவள் அப்பாவின் குரலிலேயே சொன்னாள். அம்மா சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. இந்த வருடத்தோடு போதும், மேற்கொண்டு இரண்டு வருடப் படிப்பெல்லாம் வேண்டாம் என்றும் அப்பா சொல்லியிருந்தார்.

கடைசி ஆண்டுத் தேர்வுக்கு ஒரு பெரிய படைப்பு கொடுக்கவேண்டும். மற்றவர்கள் ஆளுயரத் திரைச்சீலைகளைத் தூக்கிக்கொண்டு அலைந்தபோது, கத்தரி பன்னிரண்டு அட்டைகளை எடுத்துக்கொண்டாள். பன்னிரண்டையும் பன்னிரண்டு பேருக்குத் தபாலில் அனுப்புவாள். ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு கட்டம் காலியாக இருக்கும். கீழே வேண்டுகோள்: 'உங்கள் வேலையில் புழங்கும் ஏதாவதொன்றிலிருந்து ஓர் எழுத்தை வெட்டி இங்கே ஒட்டி, கல்லூரிக்குத் தபாலில் அனுப்புங்கள்.' வந்ததெல்லாம் சுவரில் மாட்டப்படும், எப்படி வந்ததோ அப்படியே. அதுதான் விதி. துறைத் தலைவர் நெற்றியைத் தேய்த்தாராம். "வந்ததுதான் உன் படைப்பு. ஒண்ணுமே வரலைன்னா வெறும் சுவருக்கு நான் மார்க் போடமாட்டேன்." சரி சார் என்று வந்துவிட்டாள்.

பன்னிரண்டையும் என்னிடம்தான் கொடுத்தாள். ஒவ்வொன்றாக எடை பார்த்தேன். பல் மருத்துவர், லிஃப்ட் இயக்குபவர், சலவைக் கடைக்காரர், பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சர். ஏழாவது அட்டையில் என் பெயர். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாவதில் லாரி எடை மேடையின் முகவரி.

"ஒரே வீட்டுல இருக்கறவருக்கு எதுக்கும்மா தபால்?"

"கைல குடுத்தா பாக்காமயே டீவி மேல வச்சுடுவார்க்கா. வேலை பாக்கற எடத்துக்குத் தபால் வந்தா பாத்துதான் ஆகணும்."

எனக்கு வந்த அட்டையை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு சொல்லி மாளாது. இருபது வருடமாக எழுத்துகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறேன். வெட்ட ஓர் எழுத்து கிடைக்கவில்லை. மற்றவர் தபாலில் கைவைக்க முடியாது. அலுவலகப் படிவத்தை வெட்டினால் விளக்கம் எழுதிக் கொடுக்கவேண்டும். மூன்றாம் நாள்தான் கண்ணில் பட்டது, என் ஜன்னலில் நானே தொங்கவிடும் 'மதிய இடைவேளை' அட்டை. முனை மடங்கி, புதிதாக எழுதவேண்டிய நிலையில் இருந்தது. புது அட்டை எழுதி மாட்டிவிட்டு, பழையதிலிருந்து 'ம'வை வெட்டினேன். நேராக வெட்ட வரவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு ஓர் எழுத்தைச் சுற்றிக் கத்தரிக்கோலை நகர்த்திய அந்தப் பத்து நிமிடமும் ஜன்னலுக்கு வெளியே யார் நின்றார்களோ, எனக்குத் தெரியாது.

அட்டைகள் கல்லூரிக்குத் திரும்ப ஆரம்பித்தன. பல் மருத்துவர் ஊசி மருந்துப் பெட்டியிலிருந்து ஓர் எழுத்து ஒட்டியிருந்தார். லிஃப்ட் இயக்குபவர் 'கீழே' பொத்தானின் பழைய ஒட்டுத்தாளை உரித்து, 'கீ'யை மட்டும் அனுப்பியிருந்தார். ஒவ்வொன்றையும் ஜன்னலுக்குக் கொண்டுவந்து காட்டிவிட்டுத்தான் போவாள். "இத பாருங்கக்கா, சலவைக்கடை அண்ணன் இஸ்திரி போட்டு ஒட்டியிருக்கார்!" ஒன்பது வந்துவிட்டன.

அடுத்த வியாழன் வந்தாள். காட்டுவதற்கு எதையும் எடுக்கவில்லை. நானாகத்தான் கேட்டேன்.

"அப்பாவோடது வந்துச்சுக்கா."

"நல்லதாப் போச்சே! எங்க, காட்டு."

கட்டத்தில் எழுத்து ஒன்றும் இல்லையாம். எடைச் சீட்டு ஒன்றை முழுசாக ஒட்டி அனுப்பியிருக்கிறார். பசை நாலு பக்கமும் வழிந்து அவள் செய்த பாதிப் படத்தை மூடிவிட்டது. சீட்டில் அச்சாகியிருந்ததை மனப்பாடமாகச் சொன்னாள். "சரக்கு: அட்டை. எடை: பூஜ்யம் கிலோ. கீழ கையெழுத்து, ரவுண்டு சீல்."

நான் எடை மெஷினை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

"நாலு வருஷம் நான் பண்ணதுக்கு எடை போட்டு அனுப்பிட்டார்க்கா. சீல் வச்சு." விரலில் உரிப்பதற்குப் பசை இல்லை; தோலையே உரித்துக்கொண்டிருந்தாள். அந்த அட்டையை மாட்டப் போவதில்லை என்றாள். வந்ததெல்லாம் சுவரில் என்று விதி போட்டவள் அவள்தான். அதை ஞாபகப்படுத்தும் தைரியம் எனக்கு வரவில்லை. தேர்வுக்கு நாலு நாள் இருந்தது.

மறுநாள் காலை, மற்ற சரக்கோடு எங்கள் தபால் மூட்டைகளையும் கொண்டுவரும் வாடகை லாரி தாமதமாக வந்தது. தபால் பிரிக்கிறவர் சத்தம் போட்டார். ஓட்டுநர் மூட்டையை இறக்கிவிட்டு, "இன்னிக்கு ரோடு சரியில்லண்ணே. ஆனா ரெண்டு வாரம் முன்னாடி லேட்டானது என் தப்பில்ல. அந்த எடை மேடைக்காரர் பண்ண கூத்து" என்றார். நான் ஜன்னலை விட்டு எழுந்து பின்னறைக்குப் போனேன்.

"ஆறு வண்டி வரிசைல நிக்கிறோம். மனுஷன் ரூமை விட்டு இறங்கி வர்றார், கைல ஒரு அட்டை. மேடை நடுவுல வச்சுட்டு உள்ள ஓடிப்போய்ப் பாக்கறார். திரும்ப வந்து ஓரமா வச்சுட்டு ஓடறார். நாலு தடவை! நாங்க ஹாரன் அடிக்கிறோம். 'இருங்கப்பா, என் பொண்ணு எனக்குத் தபால் போட்டிருக்கா, எங்க வேலைல இருந்து ஏதாச்சும் வேணுமாம்'ங்கறார். நடுவுல காத்துல அட்டை பறந்துபோச்சு. நானே இறங்கி ஓடிப்போய்ப் புடிச்சுக் குடுத்தேன். அப்புறம் சீட்டை அடிச்சு எடுத்து, எங்ககிட்டயே பசை இருக்கான்னு கேட்டார்."

அன்று மாலை வேலை முடிந்ததும் டயர் கடை மாடிக்குப் போனேன். படிக்கட்டிலேயே அவளை உட்காரவைத்து, ஓட்டுநர் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

"எத்தன தடவ?" என்றாள்.

"நாலு."

"அந்த மிஷின் இருபது கிலோவுக்குக் கீழ எதையும் காட்டாதுக்கா. அது அவருக்குத் தெரியும். எனக்கே அவர்தான் சொல்லிக் குடுத்தார், சின்ன வயசுல." கழுத்தில் தொங்கிய கத்தரிக்கோலை ஒருமுறை திறந்து மூடினாள். "தெரிஞ்சும் நாலு தடவ வச்சிருக்கார்."

உள்ளே போய் அட்டையை எடுத்துவந்தாள். மாட்டமாட்டேன் என்று ஒதுக்கிய அட்டை, இரண்டு சட்டை அட்டைகளுக்கு நடுவே, ஒரு மடிப்பு விழாமல் இருந்தது.

தேர்வன்று சுவரில் பத்து அட்டைகளும் இரண்டு காலி இடங்களும் இருந்தன. கணக்கு டீச்சருடையதும் இன்னொன்றும் வரவேயில்லை. "காலி இடம் அசிங்கமா இருக்கு, எடுத்துடு" என்றாராம் துறைத் தலைவர். "வராததும் தபால்தான் சார்" என்று அப்படியே விட்டுவிட்டாள். வெளியூரிலிருந்து வந்த பெண் தேர்வாளர், எடைச் சீட்டின் முன்னால் மட்டும் வெகுநேரம் நின்றாராம். "யார் இவர்?" என்று கேட்டதற்கு, "எங்க வீட்லதான் இருக்கார் மேடம்" என்று பதில் சொல்லியிருக்கிறாள். மதிப்பெண் அள்ளியும் வரவில்லை, கிள்ளியும் வரவில்லை. தேறிவிட்டாள். மேற்படிப்புப் பேச்சை வீட்டில் இன்னும் யாரும் எடுக்கவில்லை.

வீட்டாருக்கான கண்காட்சி நாளில் நானும் போயிருந்தேன். அப்பா வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். செருப்பிலெல்லாம் சாலைப் புழுதி. அம்மா ஒவ்வோர் அட்டையாக வாய்விட்டுப் படித்துக்கொண்டு வர, அவர் நேரே தன்னுடையதன் முன்னால் போய் நின்றார். வெயிலில் பசை காய்ந்து சீட்டின் ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தார். பிறகு கட்டைவிரலைச் சட்டையில் துடைத்துவிட்டு, அந்த மூலையின் மேல் வைத்து அழுத்தினார், விரலை எடுக்கவில்லை.

வாசலிலிருந்த காவலாளி, "சார், கை..." என்று வேகமாக வந்தார். பக்கத்துச் சுவரில், 'படைப்புகளைத் தொடாதீர்கள்' என்று கல்லூரி ஒட்டியிருந்த அறிவிப்பு. கத்தரி இரண்டடி நகர்ந்து, அந்த அறிவிப்பின் மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.