செல்லக்கிளியின் பிஞ்சுத் தேக்கு

மேலூர் மர அறுவை மில்லில் ரம்பம் ஓட்டுகிறவன் நான், தவசி. பன்னிரண்டு வருடமாக இந்த வேலைதான். பருமனைப் பார்த்தே மரத்தின் வயதைச் சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்வேன். அந்த வாயில் மண்ணைத்தான் போட வேண்டும்.

போன மாசியில் செல்லக்கிளி அக்கா குட்டியானை வண்டியில் ஒரு தேக்கு கொண்டுவந்தார். கூடவே மகள் பாண்டிமீனா. மகள் கட்டும் வீட்டுக்கு வாசல் நிலை அறுக்க வேண்டுமாம்.

"முப்பத்திமூணு வருசத்து மரம் தம்பி. இவ பொறந்தப்ப கெணத்தடியில வச்ச கன்னு."

அடியில் ஒரு சில்லு அறுத்துப் பார்த்தேன். தொடைப் பருமன்தான். நடுவில் வைரம் பாய்ந்து கெட்டிப்பட்ட பகுதி கையகலம்கூட இல்லை. நிலைக்கு ஆகாது என்று மட்டும் சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் வாய் நீளமாயிற்றே!

"எக்கா, யாருகிட்டக் கதை விடுற? இது பதினஞ்சைத் தாண்டாது. எம்புட்டு மரம் பாத்திருப்பேன்!"

மில்லில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அதில் எனக்குக் கொழுப்பு ஏறிவிட்டது. சாக்பீஸ் எடுத்துக் கட்டையில் 'பிஞ்சு' என்று பெரிதாக எழுதினேன். மீனா தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கட்டையைத் திரும்ப வண்டியில் ஏற்றச் சொன்னார்.

மத்தியானம் சோற்று வாளியைத் திறந்தபோது அந்தச் சில்லு காலடியில் கிடந்தது. கை கழுவிய தண்ணீர் பட்டு வளையங்கள் பளிச்சென்று தெரிந்தன. தேக்குக்கு வருடத்துக்கு ஒரு வளையம். முதலிலேயே எண்ணியிருக்க வேண்டியவன், அப்போதுதான் எண்ணினேன். உள்ளே பத்து வளையம், ஒவ்வொன்றும் நெல் நீளத்துக்கு. அதற்கப்புறம் வந்தவை முடி கனத்தில் ஒட்டிக் கிடந்தன. நல்ல தேக்கில் தண்ணீர் ஏறும் துளைகள் வெறும் கண்ணுக்கே தெரியும். இந்த இடத்தில் எல்லாம் இறுகிப்போயிருந்தன. ஊக்கு முனையை வைத்து எண்ணினேன். பதினொன்று. அதற்கு வெளியே கொஞ்சம் தேறிப் பன்னிரண்டு. ஆக முப்பத்து மூன்று.

சோற்று வாளியை மூடி வைத்தேன். மில்லுக்கு வருமுன் நான் வேலை பார்த்த கல்குவாரி அக்காவின் கிணற்றுக்கு எதிர் மலையில்தான் இருந்தது. பாறையில் குழி போடும் மிஷின் என் கையில். பதினொரு வருடம். என் மிஷின் கிளப்பிய வெள்ளைத் தூசி அந்தக் கிணற்றடி மரங்களின் இலைகளில் மாவாக அப்பிக் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். பள்ளம் ஆழமாக ஆக அவர் கிணறும் வற்றியது. குவாரியை மூடியதும் இங்கே வந்து மரத்துக்கு வயது சொல்கிறேன். ச்சீ, நானெல்லாம் ஒரு மனுசன்!

சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போனேன். கட்டை வாசலில் என் எழுத்தோடு கிடந்தது. துண்டால் தேய்த்தேன். முழுசாகப் போகவில்லை. அக்கா வெளியே வந்தார்.

"எக்கா, முப்பத்திமூணுதான். நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன். அந்தக் குவாரியில நாந்தான்..."

"தெரியும் தம்பி. மேலூர்ல வேற மில்லா இல்ல? குவாரியில கெடந்தவன் நீ, இந்த மரம் ஏன் இப்பிடி ஆச்சுன்னு உனக்குத் தெரியும்னுதான் உன்னத் தேடி வந்தேன்."

அக்கா வீட்டுக்குள் கைகாட்டினார்.

"மீனா உள்ளதான் இருக்கா. அந்தக் கன்னு பட்டுப்போயி வேற வச்சிட்டு ஏம்மா பொய் சொன்னன்னு கேட்டுட்டு எங்கூடப் பேசல. எங்கிட்டச் சொன்னத அவகிட்டப் போய்ச் சொல்லு."