முதல் தேதி பாஸ்வேர்டு

ஜாய்ஸ் மறுபடியும் அடித்தாள். தவறு என்றது. இந்த முறை ஒவ்வொரு எழுத்தாக, விரலைப் பார்த்து அடித்தாள். தவறு. நேற்று இரவு இதே சொல்லுக்குத் திறந்த லேப்டாப்தான்.

போன் அடித்தது. தனகோடி. திருவிடந்தையில் லதாவின் வாடகை வீடுகளுக்குச் சாவி வைத்திருப்பவர்.

"கார் வந்து நின்னுகினு கீதும்மா. பெங்களூர்க்காரங்க. எந்த வூட்டைத் தொறக்கட்டும்?"

அது லேப்டாப்புக்குள் இருந்தது.

லதாவுக்குக் கடலோரம் நான்கு வீடுகள். சனி, ஞாயிறுகளில் வாடகைக்கு விடுகிறாள். பதிவுகளைப் பார்த்துப் பதில் போட்டு, யாருக்கு எந்த வீடு என்று தனகோடியிடம் சொல்வது ஜாய்ஸின் வேலை. செங்கல்பட்டில் வீட்டில் இருந்தபடியே செய்கிறாள். பதிவுத் தளத்தின் பாஸ்வேர்டை லதா ஒருமுறை வந்து அடித்துவிட்டுப் போனாள். பிறகு லேப்டாப்பே ஞாபகம் வைத்துக்கொண்டது. ஜாய்ஸின் போனுக்கு அது தெரியாது. போன மாதம் ஒருவருக்குப் பதில் போகாமல் விட்டுப்போயிற்று. இன்னொரு முறை இப்படி ஆனால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக லதா சொல்லியிருந்தாள்.

கணவனைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஏசுபாதம் வேலை செய்யும் மறைமலைநகர் கம்பெனியில் ஷிப்டு முடியும்வரை போன் லாக்கரில் கிடக்கும்.

அவன் அங்கே லைன் ஆபரேட்டர். அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நடவு நட்டவர். இவன் ஐ.டி.ஐ. முடித்ததும் கம்பெனி பஸ் ஏறினான், இன்னும் அதில்தான் போகிறான். சில வருடங்களுக்கு முன்னால் யாரோ ஒருவன் இவன் பெயரில் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, கழித்துப்போட்ட பாகங்களை நல்லவையாக ஏற்றிவிட்டான். மெமோ ஏசுபாதத்துக்கு வந்தது. நான் செய்யவில்லை என்றான். உன் பாஸ்வேர்டு என்றால் நீதான் என்றார் அதிகாரி. அந்த வருட இன்கிரிமென்ட் போயிற்று. அதன்பிறகு கம்பெனி விதிகள் அவனுடைய பழக்கங்கள் ஆயின. முதல் தேதியானால் பாஸ்வேர்டை மாற்றுவான். யாரிடமும் சொல்ல மாட்டான். பக்கத்தில் இருப்பவர் அடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

லேப்டாப், பொத்தேரியில் படிப்பை முடித்துக் கிளம்பிய மாணவன் ஒருவனிடம் போன மாதம்தான் வாங்கியது. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டிருந்தது, ஏசுபாதம் அப்படியே விட்டுவிட்டான். தொட்டதற்கெல்லாம் அது பாஸ்வேர்டு கேட்டது அவனுக்குப் பிடித்திருந்தது. மூடித் திறந்தால் கேட்டது. புதிதாக ஏதாவது ஏற்றினால் கேட்டது. பிரவுசர் ஞாபகம் வைத்திருப்பதை எடுக்க, சாவிக்கொத்து என்று தனியாக ஒரு பெட்டி வந்து கேட்டது. இதையெல்லாம் நிறுத்திவைக்க வழி இருக்கிறது என்று உடன் வேலை செய்யும் சம்பத் சொன்னான். இவன் வேண்டாம் என்றுவிட்டான்.

"வூட்டுக்குள்ள போறதுக்கும் பன்ச் அடிப்பியா மச்சான்?" என்றான் சம்பத்.

ஜாய்ஸிடமும் பாஸ்வேர்டைச் சொல்லவில்லை. காலையில் திறந்து வைத்துவிட்டுப் போவான். நடுவில் திரை பூட்டிக்கொண்டால் அவள் மாலைவரை காத்திருக்க வேண்டும். போன மாதம் பதில் விட்டுப்போனது அப்படித்தான். அன்று அவள் கேட்டாள், "நான் இன்னா வேற கம்பெனி ஆளா?" அவன் பாஸ்வேர்டைச் சொல்லிக்கொடுத்தான்.

இன்று முதல் தேதி. பஸ்ஸுக்குக் கிளம்பும் முன்னால் லேப்டாப்பைத் திறந்து, கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்து மாற்றிவிட்டுப் போனான். அவளிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. முதல் தேதி வேலையில் சொல்வது என்ற ஒன்று இருந்ததே இல்லை.

லதாவைக் கேட்கப் பயந்து, ஜாய்ஸ் ஏதாவது ஒரு வீட்டைத் திறக்கச் சொன்னாள். மதியம் அந்த வீட்டுக்கு உரியவர்கள் குழந்தைகளோடு வந்து நின்றார்கள். லதா கூப்பிட்டாள். ஜாய்ஸ் காரணத்தைச் சொன்னாள். லதா போனை வைத்துவிட்டாள்.

மாலையில் ஏசுபாதம் பையைத் தோளிலிருந்து இறக்காமலே எல்லாவற்றையும் கேட்டான். உட்கார்ந்து புது பாஸ்வேர்டை அடித்தான். லேப்டாப் திறந்தது. பிரவுசரைத் தொட்டதும் சாவிக்கொத்துப் பெட்டி வந்தது. அதற்குப் புதியது செல்லவில்லை. அது இன்னும் பழையதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. பழையது அவனுக்கு ஞாபகம் இல்லை. மாற்றியதும் மறந்துவிடுவது அவன் வழக்கம்.

ஜாய்ஸ் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக் காலையிலிருந்து அடித்த அதே சொல்லை அடித்தாள். திறந்தது. பதிவுப் பக்கத்தில் இரண்டு குடும்பங்களும் எழுதிய புகார்கள் இருந்தன. அவன் இரண்டையும் படித்தான்.

"மாத்துனா சொல்லு. இல்லன்னா எனக்குன்னு ஒண்ணு வெச்சிக் குடு," என்றாள்.

அவன் பையை இறக்கி வைத்தான். அவள் பெயரில் தனிக் கணக்கு ஒன்று தொடங்கினான். பாஸ்வேர்டு கேட்ட இடத்தில் லேப்டாப்பை அவளிடம் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் அடித்து முடிக்கும்வரை காலண்டரைப் பார்த்தபடி பேசினான்.

"சாவிக்கொத்துக்கும் அதையே வெச்சிக்கோ, உள்ள போனா தானா தொறந்துக்கும். மாத்தணும்னா செட்டிங்ஸ்ல போய் மாத்து, அப்பதான் ரெண்டும் சேந்து மாறும். நான் மாத்துற மாதிரி மாத்தாத."

"முதல் தேதியா?"

"அது உன் இஷ்டம்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து ஜாய்ஸ் லதாவைக் கூப்பிட்டாள். புதுக் கணக்கில் தளத்தின் பாஸ்வேர்டைப் புதிதாக அடிக்க வேண்டியிருந்தது. லதா எழுத்தெழுத்தாகச் சொன்னாள். பிறகு, இரண்டு வீடுகளைக் கோவளத்துப் பெண் ஒருத்தி பார்த்துக்கொள்வாள், மற்ற இரண்டும் உனக்கு என்றாள். ஜாய்ஸ் சரி என்றாள். தளத்தில் வந்திருந்த விசாரிப்புகளுக்குப் பதில் போட்டாள். அப்டேட் செய்யலாமா என்று ஒரு பெட்டி வந்து ஏசுபாதத்தின் பாஸ்வேர்டைக் கேட்டது. வேண்டாம் என்பதை அழுத்தினாள். சாப்பாட்டுக்குப் பிறகு ஏசுபாதம் லேப்டாப்பைத் திறந்தான். இரண்டு பெயர்கள் இருந்தன. மேலே அவள் பெயர். அவன் கீழே இருந்ததை அழுத்தினான்.