சக்கரத்துக் குங்குமம்

கடலுக்குப் போகாத மாப்பிள்ளைதான் வேண்டும் என்று என் அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். மாமல்லபுரத்தை ஒட்டிய எங்கள் குப்பத்தில் அப்படி ஒருவர் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஆனாலும் கிடைத்தார். எங்கள் சனம்தான்; சின்ன வயதிலேயே வலையை விட்டுவிட்டுச் செங்கல்பட்டுக்குப் போய், ஓர் அரிசி மில்லில் இன்ஜின் டிரைவராகச் சேர்ந்திருந்தார். அப்பா கட்டுமரம் ஏறிய நாளெல்லாம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு கரையில் நின்றவள் அம்மா. மகளாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைத்தாள். பயம் என்ன கடலில் மட்டும் விளைகிற பொருளா? எனக்கு அது சீதனத்தோடு கூடவே வந்தது.

மில்லின் பின்கட்டில் அந்த ஆயில் இன்ஜின் இருந்தது. அதன் பக்கவாட்டில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புச் சக்கரம். அது சுற்றினால்தான் பெல்ட் ஓடும், பெல்ட் ஓடினால்தான் நெல் அரிசியாகும். சக்கரத்துக்குக் கை எட்டுகிற தூரத்தில், எண்ணெய்க் குப்பியோடு ஒரு முக்காலியில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பார். மத்தியானம் நான் சோறு கொண்டு போகும்போது இன்ஜினை நிறுத்துவார். சக்கரம் ஓய்ந்து நிற்கும்வரை நான் வாசலைத் தாண்டி உள்ளே வர மாட்டேன்.

"இது கழண்டுகினு வந்துச்சுன்னா இன்னாய்யா பண்ணுவ?" என்று கேட்காத நாள் இல்லை.

"ஆப்பு அடிச்சி இறுக்கி வெச்சிகீது. யானை இழுத்தாலும் வராது. நீ சோத்த போடு" என்பார்.

வெள்ளிக்கிழமை தோறும் இன்ஜினுக்குப் பூசை உண்டு. குங்குமம் என் கைவேலை. மஞ்சளும் சுண்ணாம்பும் எலுமிச்சம் சாறும் சேர்த்து நானே வீட்டில் செய்வேன். சக்கரத்தின் நடுவில், ஷாஃப்ட் என்கிற இரும்பு அச்சு நுழைகிற குடத்தில், அவர் பெரிய பொட்டாக வைப்பார். பழைய பொட்டைத் துடைக்க மாட்டார். சாமிக்கு வைத்ததைத் துடைப்பார்களா? அதன் மேலேயே அடுத்த வாரத்துப் பொட்டு ஏறும். எண்ணெயும் குங்குமமும் சேர்ந்து அங்கே அடை தட்டியது போல இருக்கும்.

அந்தத் தை மாதம், அறுவடை நெல் வந்து குவிகிற நேரத்தில், மில் முதலாளியின் தாயார் இறந்துபோனார். கருமாதி முடியும்வரை மில்லில் பூசை கூடாது. தீட்டில் சாமிப் பொட்டு இருக்கக் கூடாது என்று என் வீட்டுக்காரர் மண்ணெண்ணெய் போட்டுச் சக்கரத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டார். ஆனால் புழுங்கலுக்கு ஊற வைத்த நெல் காத்திருக்காதே. அடக்கம் முடிந்ததும் மில் ஓட ஆரம்பித்துவிட்டது. பொட்டில்லாமல் மூளியாக நின்ற சக்கரத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனசு ஒப்பவில்லை.

சில நாள் கழித்துச் சோறு கொண்டு போனேன். சக்கரம் நின்றிருந்தது. ஷாஃப்டைச் சுற்றி வட்டமாகச் சிவப்பு.

"தீட்டுல எவன்யா பொட்டு வெச்சது?" என்று கத்திவிட்டேன்.

"நானா? எனுக்கு இன்னா பைத்தியமா?"

களத்தில் நெல் காயவைக்கிற பெண்களைக் கேட்டோம். அவர்கள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள். தெய்வக் குத்தம் என்று நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவர் முணுமுணுத்தபடி துடைத்துவிட்டார். மறுநாள் மத்தியானம் போனால், மறுபடியும் சிவப்பு.

இந்தத் தடவை விரலில் தொட்டு எடுத்தேன். முகர்ந்தேன், மஞ்சள் வாசனையே இல்லை. என் குங்குமத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உள்ளங்கை சிவக்கும். இதில் விட்டுத் தேய்த்ததும் பழுப்பாகச் சேறு கட்டி நரநரவென்றது.

"யோவ், இது குங்குமம் இல்ல. துரு."

அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, துடைத்து, விளக்கைப் பிடித்துப் பார்த்தார். குடத்துக்கும் ஷாஃப்டுக்கும் நடுவிலிருந்து அந்தப் பொடி கசிந்திருந்தது. அவர் முகம் செத்துப்போயிற்று.

"உள்ள அசையுது மே. கண்ணுக்குத் தெரியாம ஒண்ணோட ஒண்ணு தேஞ்சிகினு கீது. எத்தினி நாளாவோ."

எத்தனை வெள்ளிக்கிழமை அந்தத் துருவின் மேலேயே என் குங்குமத்தை அப்பினோமோ என்று நினைத்து விரலைச் சேலையில் அழுத்தித் துடைத்தேன்.

ஆனாலும் அவர் யோசித்தார். தொட்டி நிறைய நெல் ஊறிக் கிடந்தது; களத்தில் காய்ந்ததை அரைத்து இடம் விட்டால்தான் இதை அவித்துக் கொட்ட முடியும். விட்டால் நாறிவிடும். துக்க வீட்டில் போய் முதலாளியை எப்படிக் கேட்பது? "சாயந்தரம் வரைக்கும் ஓட்டிட்டு நிறுத்திக்கிறேன்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் சோற்றுத் தூக்கோடு போய்ச் சக்கரத்துக்கு நேர் எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தேன். "ஓட்டு. நானும் இங்கியே உக்காந்துகினு பாக்கறேன்."

"ஏந்திரு மே, பேஜாரு பண்ணாத."

"உனுக்கு ஒண்ணும் ஆவாதுன்னா எனுக்கும் ஒண்ணும் ஆவாது. ஓட்டு."

என் அம்மாவால் கடலை நிறுத்த முடிந்ததில்லை. இது இன்ஜின்தானே. அவர் இன்ஜினைக் கிளப்புகிற கைப்பிடியை எடுத்தார், என்னைப் பார்த்தார், பிறகு அதைக் கீழே வைத்துவிட்டார்.

நெல் புளித்து, நாற்றம் ரோடு வரைக்கும் அடித்தது. முதலாளி துக்கத்தையும் மறந்து ஓடிவந்து கத்தினார். "நல்லா ஓடிகினு இருந்த இன்ஜின பொம்பள பேச்ச கேட்டு நிறுத்துவியா?" இவர் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் லாரிப் பட்டறை ஆட்கள் வந்தார்கள். சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுத்து, ஆப்பைப் பிடுங்கிவிட்டுச் சம்மட்டியால் தட்டினார்கள். நாலு தட்டுத் தட்டியிருப்பார்கள். மடக்கென்று ஒரு சத்தம். சக்கரம் கட்டை மேல் சாய்ந்தது. அதன் குடத்துக்குள்ளேயே ஷாஃப்டின் முனையும் ஒடிந்து தங்கிவிட்டது.

ஒடிந்த இடத்தை நானும் எட்டிப் பார்த்தேன். ஆப்பு உட்காரும் பள்ளத்தின் மூலையிலிருந்து ஆரம்பித்து, கறுத்துப்போன இரும்பில் வளைவு வளைவாகக் கோடுகள். எங்கள் கரையில் தண்ணீர் வற்றும்போது மணலில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்குமே, அதே கோடுகள். ஒரு கொட்டைப் பாக்கு அளவுக்கு மட்டும் இரும்பு புதுசாகப் பளபளத்தது. அவ்வளவு கனத்தையும் அந்தப் பாக்கு அளவுதான் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

"ஒரே நாள்ல ஒடையல, மொதலாளி" என்றார் இவர். "கம்பிய இப்படியும் அப்படியும் வளச்சிகினே இருந்தா அறுந்து பூடும் இல்ல? அந்த மாரி. சுத்த சுத்த கொஞ்சம் கொஞ்சமா கிழிஞ்சிகினு வந்துகீது."

முதலாளி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கழன்றிருந்தால் சக்கரம் பாய்ந்திருக்கும் பக்கத்தில் கிடந்த முக்காலியைப் பார்த்தார். புளித்த நெல்லைப் பற்றி அப்புறம் அவர் பேசவே இல்லை. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

கருமாதி முடிந்தது. மதராஸிலிருந்து புது ஷாஃப்ட் வந்தது. வெள்ளிக்கிழமை பூசைக்குக் குங்குமக் கிண்ணத்தோடு போனேன். அவர் நிலைப்படிக்குப் பொட்டு வைத்தார், எண்ணெய்த் தொட்டிக்கு வைத்தார், தன் முக்காலிக்குக் கூட வைத்தார். சக்கரத்திடம் வந்ததும் நான் கிண்ணத்தை நீட்டினேன். அவர் அதை என் பக்கமே தள்ளினார்.

"இதுக்கு வேணாம். இங்க செவப்பு வந்தா எனுக்குத் தெரியணும்" என்றார். என் நெற்றியைக் காட்டி, "நீ வெச்சிக்கோ" என்றார்.

வைத்துக்கொண்டேன். கண்ணாடி இல்லாமல் வைத்ததில் பொட்டு கோணலாகப் போயிற்று.