சோப்புப் பெட்டிக்குள் அடங்கிய வண்ணங்கள்

தேயிலைப் பெட்டியின் பலகையை வெயிலில் வைத்தால் பழைய சாயாவின் மணம் வரும். எழுபதுகளின் கடைசியில், மட்டாஞ்சேரியில், எங்கள் விசாலம் அக்கா படம் வரைய வைத்திருந்தது அந்தப் பலகையைத்தான். கல்யாணம் நிச்சயமாகி வைகாசியில் கோவில்பட்டிக்குப் போகவேண்டியவள், போகுமுன் அப்பா வேலை பார்த்த மிளகுக் கிடங்கை வரைந்து எடுத்துப்போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். தெருவிலிருந்து பார்த்தால் அது வெறும் சுவர்தான். காயலைப் பார்த்த பின்வாசலில்தான் வள்ளங்கள் வந்து அணையும், அப்பா நின்று மூட்டைகளை இறக்கச் சொல்வார். அந்த வாசலைப் பார்க்கப் படகேறி எதிரே ஐலண்டுக்குப் போகவேண்டும்.

அம்மா ஒரே ஒரு நாள்தான் விட்டாள். பத்திரிகை அடித்த பிறகு பெண் வெளியே சுற்றுவதாவது என்று அதற்கே ஆயிரம் பேச்சு.

படகில் நெரிசல் என்பதால், எதை எடுப்பது, எதை விடுவது என்று அக்கா முதல் நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டாள். வண்ணக் கட்டிகளைப் பிளேடால் நறுக்கிச் சோப்புப் பெட்டிக்குள் ஒட்டினாள். கலக்குவதற்கு அதன் மூடி. கறுப்பு வேண்டாம், நிழலுக்கு நீலமே போதும் என்றாள். "சஞ்சி"ப் பைக்குள் அடங்கும்படி தூரிகைகளின் காம்பை ஒடித்தாள். நான் தண்ணீர் நிறைத்த "குப்பி"யை நீட்டியபோது சிரித்துவிட்டாள்.

"போற வழியெல்லாம் வெள்ளம். அதுக்கு நடுவுல குப்பியைச் சுமந்துட்டுப் போவாளாடி யாராவது?"

வெள்ளம் என்றால் எங்கள் பேச்சில் தண்ணீர். குடிநீருக்குக் குழாயடியில் தவம் கிடந்த ஊர் எங்களுடையது. காயல் உப்பு வாய்க்கு ஆகாது என்று குழந்தைக்கும் தெரியும். வண்ணத்துக்கும் ஆகாது என்று யாருக்குத் தோன்றும்?

"சோறு உண்டுட்டு வாசல்ல வந்து நிக்கறேன், நல்லாப் பாத்து வரை மோளே" என்று சொல்லியிருந்த அப்பா, வெயிலில் வெகுநேரம் நின்றார். அக்கரையிலிருந்து எங்களுக்கு அவர் ஒரு வெள்ளைப் புள்ளி. அக்கா சிரட்டையில் காயல் தண்ணீரை மொண்டு வரைந்தாள். அப்படியொரு படம் அவள் முன்பு வரைந்ததில்லை, பின்பும் வரையவில்லை.

வெயிலில் காய்ந்ததாகத்தான் தெரிந்தது. செய்தித்தாளில் சுற்றிக் கல்யாணப் பெட்டியில் வைத்தாள். அந்த மாதத்துப் புழுக்கத்தில் உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. புறப்படும் அன்று பிரித்தபோது கிடங்கும் வாசலும் அப்பாவும் செய்தித்தாளோடு உரிந்து வந்துவிட்டார்கள்.

"போனாப் போகட்டும், அங்க போய் வேற வரைஞ்சுக்கோ" என்றாள் அம்மா.

"அங்க எதைப் பாத்தும்மா வரையறது?" என்று கேட்டுவிட்டு அக்கா பெட்டியை மூடினாள்.

அடுத்த மழைக்காலத்தை அப்பா தாண்டவில்லை. அவர் அந்த வாசலில் நிற்கும் புகைப்படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. கிடங்கை இடித்துவிட்டு இப்போது கண்ணாடிச் சுவர் வைத்த விடுதி கட்டியிருக்கிறார்கள். வள்ளம் எதுவும் வந்து அணைவதில்லை. பேரப்பிள்ளைகள் போனைத் தூக்கி நொடியில் நூறு படம் எடுக்கும்போது எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது, ஒளிப்பானேன்.

போன மாதம் அக்கா கோவில்பட்டியிலிருந்து பேசினாள். "அந்த வாசக்கதவு பச்சையா, நீலமாடி?" பச்சை என்றேன். நீலம் என்று சாதித்தாள். கொஞ்சம் சண்டைகூடப் போட்டோம். கடைசியில், "அப்பா இருந்தாக் கேக்கலாம்" என்றாள்.

அப்பா இருந்தால் நாங்கள் கதவைப் பற்றியா கேட்கப்போகிறோம்.