நாக்கு சொன்ன உப்பு

என் வீட்டுக்காரர் வேதநாயகம் எந்தத் தண்ணீரையும் முதலில் நுனி நாக்கில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன். விருந்துக்குப் போன வீட்டிலும் அப்படித்தான். எனக்குக் கூச்சமாக இருக்கும்.

தொழிலில் வந்த பழக்கம் அது. தங்கச்சிமடத்துக்கு விசைப்படகுகள் வந்த புதிதில் எஞ்சின் வேலை கற்றவர் அவர். எஞ்சின் எண்ணெய் மோர்போல வெளுத்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. எந்தத் தண்ணீர் என்பதை நாக்கில் வைத்துப் பார்ப்பார். எஞ்சினைக் குளிரவைக்கும் தொட்டியில் ஊற்றுவது கிணற்று நல்ல தண்ணீர். அதனால், கரிக்காவிட்டால் கசிவு எஞ்சினுக்குள்ளேயே, பிரித்தாக வேண்டும். கரித்தால் கடல் தண்ணீர். புகைக்குழாய் வழியாக ஏறியது.

என் அண்ணன் சவேரியார் வள்ளத்தை விற்று, அண்ணியின் நகையையும் விற்று, ஒரு விசைப்படகு வாங்கியிருந்தார். ஒருநாள் அதன் எண்ணெய் வெளுத்துவிட்டது. என் வீட்டுக்காரருக்குச் சோறு கொண்டுபோன நான் கரையில் நின்றேன். இவர் ஒரு சொட்டை நாக்கில் வைத்துத் துப்பினார்.

“உப்பு மச்சான். கடத்தண்ணிதான் ஏறியிருக்கு. உள்ள பழுதில்ல.”

“ஒன் நாக்க அடகு வச்சா இன்னொரு எஞ்சின் வாங்கலாம் போல மாப்ள!” என்று அண்ணன் சிரித்தார்.

இவர் புகைக்குழாயைச் சரிசெய்து, எண்ணெயை மாற்றிக் கொடுத்தார். அண்ணன் அடுத்த முறை கடலுக்குப் போனபோது எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. நீரோட்டம் படகை இழுத்துப் பாறையில் மோதியது. அந்த வழியாக வந்த வள்ளக்காரர்கள் ஆட்களைக் கரைசேர்த்தார்கள். படகு போய்விட்டது.

“தொட்டியில என்னத்த ஊத்துனீக மச்சான்?” என்று இவர் கேட்டார்.

“கடத்தண்ணிதான். தொட்டித் தண்ணி முந்தியிலருந்தே கொறஞ்சுக்கிட்டே இருந்துச்சு. குடிக்கக் கொண்டுபோன ஒரு பானைத் தண்ணிய எஞ்சினுக்கு ஊத்திட்டு நாங்க நாக்கு வறண்டு சாகவா?”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?”

“நீ கேட்டியால? நக்கிப் பாத்துட்டு நீயே சொல்லிட்ட.”

தொட்டியிலிருந்த கடல் தண்ணீர்தான் எஞ்சினுக்குள் கசிந்து கரித்திருக்கிறது. அன்றே இவர் தொட்டி மூடியைத் திறந்து, எஞ்சின் ஓடும்போது குமிழி வருகிறதா என்று பார்த்திருந்தாலே உள்கசிவு தெரிந்திருக்கும். பார்க்கத் தெரியாதவர் இல்லை. நாக்கை நம்பிவிட்டார்.

இப்போது குமிழியைத்தான் பார்க்கிறார். தொட்டியில் என்ன ஊற்றினீர்கள் என்று முதலிலேயே கேட்கிறார். எண்ணெயை நாக்கில் வைப்பதில்லை. குடிக்கிற தண்ணீரை மட்டும் இன்னும் தொட்டுப் பார்த்துத்தான் குடிக்கிறார். அண்ணன் பாம்பனில் அடுத்தவர் படகில் கூலிக்குப் போகிறார். எங்கள் வீட்டுக்கு வருவதில்லை.