கருங்கல்லில் போட்ட சிடியும் ஆரல்வாய்மொழிக் காற்றும்

2009 மே மாதம். தேங்காப்பட்டணம் பக்கத்துக் கடற்கரை ஊரில் நண்பன் ஸ்டீபனின் மகளுக்குப் புதுநன்மை, அதாவது கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் சடங்கு. குவைத்தில் இருந்த அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. டிஜிட்டல் கேமரா வாங்கி ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்த பாவத்துக்கு, படமெடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

"அவ நன்மை வாங்குத படம் ஒண்ணு போதும் மக்கா. நான் பாக்கணும்" என்றான் போனில்.

மதுரையிலிருந்து நாகர்கோவில் ஐந்து மணி நேரம். அங்கிருந்து பஸ்ஸில் கருங்கல் என்ற ஊர், மீதித் தூரம் ஆட்டோ, நூற்றைம்பது ரூபாய். கோயிலில் வெள்ளை உடுப்பும் பூக்கிரீடமுமாக அந்தக் குட்டி நன்மை வாங்கிய நொடியைச் சரியாகப் பிடித்துவிட்டேன். பிறகு பிரியாணி. ஸ்டீபனின் அக்கா ரோஸ்லின், எந்த வீட்டு மருமகள் எந்த மாமியாரோடு பேசுவதில்லை என்று விவரிக்க விவரிக்க, அப்படியே தூங்கிப்போனேன்.

மறுநாள் கருங்கல் பிரவுசிங் சென்டரில், உதவிக்கு வந்தவரை "எனக்குத் தெரியும்" என்று விரட்டிவிட்டு நானே படங்களைச் சிடியில் போட்டேன். திறந்தும் பார்த்தேன், எல்லாப் படமும் வந்தது. நிம்மதியாக மெமரி கார்டைத் துடைத்துவிட்டேன். திரும்பும் வழியில் ஆரல்வாய்மொழியில் இறங்கி, சட்டை பட்டம்போலப் பறக்க, கார்டு நிறையக் காற்றாலைகளை எடுத்தேன். வீட்டில் பார்த்தால் எல்லாம் ஒரே காற்றாலை மாதிரியே இருந்தன.

சிடியைப் போட்டேன். உள்ளே ஒரே ஒரு ஷார்ட்கட். படங்களை ஏற்றுவதற்குப் பதில், கார்டுக்குப் போகும் வழியை மட்டும் ஏற்றியிருக்கிறேன்! கருங்கல்லில் கார்டு கம்ப்யூட்டரிலேயே செருகி இருந்ததால் படம் தெரிந்திருக்கிறது. ஸ்டீபனிடம் என்ன சொல்ல? முதலில் ரோஸ்லின் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா... அந்தப் படமெல்லாம்..."

"போயிட்டா?"

"ம்."

"எனக்குத் தெரியும்லே! நீ பிரியாணி தின்னுட்டு ஒறங்கும்போ, ஒனக்க கேமராவ எடுத்து எனக்க மவனுக்க லேப்டாப்புல எல்லாத்தயும் ஏத்தியாச்சு. கேமராவ கழுத்துல போட்டுட்டு மயிலு மாதிரி அலையுத ஆள நம்ப முடியுமாடே?"

அக்கா அனுப்பிய சிடி கூரியரில் வந்தது. எல்லாம் இருந்தன, அக்கா பிரியாணி சாப்பிடும் படங்கள் தவிர. படங்களை மெயிலில் குவைத்துக்கு அனுப்பிவைத்த அன்றே ஸ்டீபன் கூப்பிட்டான்.

"மக்கா, அவளுக்குப் பல்லு விழுந்தத ஒருத்தரும் எங்கிட்ட சொல்லலியே" என்றான்.

பயணம் போகிறவர்களுக்கு: சிடி போட்டதும் கார்டை வெளியே எடுத்துவிட்டுத் திறந்து பாருங்கள். வீடு வந்து சேரும்வரை கார்டைத் துடைக்காதீர்கள். காற்றாலை எங்கும் ஓடிவிடாது. இன்னொரு பிரதியை, உங்களைத் துளிகூட நம்பாத ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.