பால் பசைப் பலகை

அம்மா நின்றுகொண்டு சமைக்க ஒரு மேடை வேண்டும். அவ்வளவுதான் விஷயம். தம்பி பிறந்ததோடு அவளுக்கு இடுப்பு போயிற்று. தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் அப்போது எல்லோரும் உட்கார்ந்துதான் சமைத்தார்கள். மண்ணெண்ணெய் ஸ்டவ் வந்த பிறகு, மேடையைத் தானே அடித்துவிடுவதாக அப்பா சொன்னார். மேடைக் கால்களுக்குப் பழைய கட்டிலின் கட்டைகள் இருந்தன. பலகைதான் இல்லை.

பாலக்கரையில் ஒரு மரக்கடைக்கு என்னையும் கூட்டிப்போனார். கடைக்கார பாய் கறுத்த முரட்டு பிளைவுட் ஒன்றைத் தட்டிக் காட்டினார்.

"இதை எடுத்துக்குங்க சாமி. தண்ணியிலயே கெடந்தாலும் உரியாது."

"எதைப் போட்டு ஒட்டியிருக்கா?" என்றார் அப்பா.

"ஏதோ மருந்துப் பசைங்க. கம்பெனிக்காரனுக்குத்தான் தெரியும்."

"எலும்பு, ரத்தம்னு ஏதாவது காய்ச்சின பசையா?"

பாய் சிரித்துவிட்டார். "நான் என்ன நக்கியா பாத்தேன்? அந்த வெள்ளைப் பலகை பால் பசை. ஆனா ஈரம் ஆகாதுங்க. அடுப்படிக்கு வேணாம்."

பால் என்றதும் அப்பாவின் காது அடைத்துக்கொண்டது. வெள்ளைப் பலகை குதிரை வண்டியில் ஏறிக் காவிரிப் பாலம் தாண்டியது.

"ஏன்னா, தெனம் ஜலம் விட்டு அலம்பணுமே, தாங்குமா?" என்றாள் அம்மா.

"பால்ல ஒட்டினது. இதைவிட மடியா, ஆசாரமா உனக்கு என்ன வேணும்?"

சில வாரங்கள் அம்மா நின்று சமைத்தாள். உட்கார்ந்தவள் கண்ணுக்கு எட்டாத ஜன்னல் இப்போது எட்டியது. "முருங்கை பூத்திருக்குடி, பாரேன்!" என்று என்னைத் தூக்கிக் காட்டச் சொல்லி அப்பாவைக் கூப்பிட்டாள்.

சோறு வைத்த இடத்தைத் தண்ணீர் விட்டு அலம்பாமல் எங்கள் வீட்டில் அடுத்த வேளை கிடையாது. பலகை உப்பியது. அடுக்கடுக்காகப் பிரிந்தது. புளித்த பால் நாற்றம் அடித்தது.

"குடம் குடமா ஜலத்தைக் கொட்டினா எந்தப் பலகைதான் தாங்கும்?" என்று அப்பா கத்தினார். அலம்பாமல் விட்டிருந்தால் அந்த மனிதர் இலையில் உட்கார்ந்திருப்பாரா? மாட்டார். பாலக்கரைக்கு மறுபடி போகவும் இல்லை.

பலகை வெந்நீர் அடுப்புக்குப் போயிற்று. அம்மா தரைக்குப் போனாள்.

சமையல் முடிந்ததும் ஒரு கையைச் சுவரில் ஊன்றி, மறு கையை என்னிடம் நீட்டுவாள். "இழுடி, உன் பலத்தைப் பாப்போம்." நான் காலை உதைத்துக்கொண்டு இழுப்பேன். எனக்கு அது விளையாட்டு. எழும்போது அவள் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொள்வாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று நினைத்து நான் இன்னும் உரக்கச் சிரிப்பேன்.